பிளானில் இருந்த சின்ன வட்டம்

என்னைப் பெற்ற ஐயாவின் இடது காதுக்கு மேலே மயிர் முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அவருடைய கூடப்பிறந்த தமையன் அலவாங்கால் அடித்த அடி அது. கல் கிண்டுகிற இரும்பு. இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் அன்றைக்கே செத்திருப்பார். அடித்ததற்குக் காரணம் பனையும் அல்ல, ஆடு மேய்ந்ததும் அல்ல. எங்கள் புது வீட்டுப் பிளானில் பின்மூலையில் கிடந்த ஒரு சின்ன வட்டம்தான் காரணம். வட்டத்துக்குப் பக்கத்தில் "மலகூடக் குழி" என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. கக்கூஸ் என்பார்கள். அந்த வருடம் முழுக்க எங்களுக்குக் "கக்கூஸ் வீட்டார்" என்றே பேர்.

எங்கள் காணி வேலணைத் தீவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்பு அது ஒரே காணி. ஐயாவின் தகப்பனார் போனபின் நடுவே வேலி போட்டுத் தெற்குப் பாதியை அந்தத் தமையனான என் பெரியையாவும் வடக்குப் பாதியை ஐயாவும் எடுத்தார்கள். பனை, பூவரசு, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் பிரித்தவர்களால் கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அது சரியாக எல்லைக் கோட்டில் இருந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு பனங்குற்றியைப் போட்டு, அதன்மேல் பின்னிய ஓலைக் கிடுகு கட்டி, வேலியைக் கிணற்றுக்கு மேலாலேயே கொண்டு போய்விடுவார்கள். அரைக் கிணறு அந்த வீட்டுக்கு, அரைக் கிணறு இந்த வீட்டுக்கு. அங்கே ஒரு கப்பி, இங்கே ஒரு கப்பி. ஆளை ஆள் பாராமல் அள்ளலாம். வாளிகள் மட்டும் அடியில் முட்டிக்கொள்ளும்.

அம்மாவும் பெரியம்மாவும் கிடுகுக்கு இரண்டு பக்கமும் நின்று ஏசும் நாட்களில் அந்த வாளிகளை வேண்டுமென்றே மோத விடுவார்கள். கிணற்றுக்குள்ளிருந்து தகரச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு நாய் எழுந்து மற்றப் பக்கம் போய்ப் படுக்கும்.

ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். சுற்றியுள்ள கிணறுகள் பாதிக்கு மேல் உவர். எங்கள் கிணற்றில் தேத்தண்ணி வைத்தால் தேத்தண்ணி மாதிரி இருக்கும். அயலில் கலியாணம், செத்தவீடு என்றால் குடத்தோடு எங்கள் வாசல் படலைக்குத்தான் வருவார்கள். அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அள்ள விடுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஐயாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். சிறு வயதிலேயே தென்பகுதியில் ஒரு சுருட்டுக் கடைக்குப் போய், அங்கே உழைத்த காசில் என்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். விடுதியில் நான் கற்றவற்றில் ஒன்று, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருப்பது. ஊரில் பெண்கள் விடிய முன் வடலிக் காணிக்குள், இளம் பனைகளின் மறைவுக்குப் போவார்கள். ஆட்கள் வரும் சத்தம் கேட்டால் எழும்பி நின்று, நடந்து போகிறவர்கள் போலப் பாவனை செய்ய வேண்டும். எனக்கு அது ஏலவில்லை. பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் கிழமையே ஐயாவிடம் சொன்னேன்.

"கல்வீடு கட்டுறதெண்டால் கக்கூசோடை கட்டுங்கோ. இல்லாட்டி நான் இஞ்ச இருக்கமாட்டன்."

"எடி, வீட்டுக்குப் பக்கத்திலையோ அது?"

"ஓம். பக்கத்திலைதான்."

ஐயா சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அவள் சொல்லுறபடி கட்டுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லில் அம்மாவும் எத்தனை வருடம் வடலிக்குள் எழும்பி நின்றிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் பிளான் கீறித் தந்தார். அதைக் கிராமச் சங்கக் கந்தோரில் அனுமதிக்குக் கொடுத்தோம். கையெழுத்து வருவதற்குள் சாத்திரியார் அத்திவாரத்துக்கு நாள் வைத்துவிட்டார். அதை விட்டால் தை பிறந்த பிறகுதான் அடுத்த நாள் என்றார். எங்கள் ஆட்கள் எதற்கும் பொறுப்பார்கள், நல்ல நேரம் தவறப் பொறுக்க மாட்டார்கள். ஐயா பழைய மண் வீட்டை இடித்தார். நாங்கள் மூன்று பேரும் சமைக்கிற குசினிக்குள் குடியேறினோம். ஓலைக் குசினி, மழைக்கு முன் கிடுகு மாற்ற வேண்டியது, புது வீடு வரப்போகிறது என்று மாற்றாமல் விட்டது. குறித்த நேரத்தில் மூலைக்கல் வைத்தோம். அத்திவாரம் எழும்பி நிலமட்டத்துக்கு வந்தபோது, கட்டடங்களை மேற்பார்க்கிற சங்கத்து ஓவசியர் சைக்கிளில் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த நாள் ஐயாவோடு நானும் கந்தோருக்குப் போனேன்.

"ஆர் உமக்கு அத்திவாரம் வெட்டச் சொன்னது?" என்றார் ஓவசியர்.

"நல்ல நாள் ஐயா. விட்டால் தைக்குப் பிறகுதான்."

"நல்ல நாளிலை சங்கம் கையெழுத்துப் போடேல்லையே."

அவர் பிளானை மேசையில் விரித்தார். வீதியின் நடுவிலிருந்து வீட்டு முகப்பு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், அது சரி. அறைகளுக்கு வெளிச்சுவரில் யன்னல் வேண்டும், அதுவும் சரி. மின்சாரக் கம்பம் வீதியால் வரப்போகிறது, கம்பி வருகிற பக்கம் கூரை நீளக் கூடாது, அதை ஒரு சிவப்புக் கோட்டால் திருத்தினார். பிறகு விரலை வீட்டின் பின்னால் இருந்த சின்ன வட்டத்தில் வைத்தார். அங்கிருந்து இன்னொரு வட்டத்துக்கு, கிணற்றுக்கு, அடிமட்டத்தை வைத்து அளந்தார்.

"குழிக்கும் கிணத்துக்கும் இடையிலை ஐம்பது அடி வேணும். இது காணாது. பி.எச்.ஐ. ஒருநாளும் விடார்." பி.எச்.ஐ. என்றால் சுகாதாரப் பரிசோதகர்.

"அப்ப குழி வேண்டாம் ஐயா" என்றார் என் தகப்பன்.

"குழி இல்லாமல் கல்வீட்டுக்கு அனுமதி இல்லை. வீடு வேணுமெண்டால் குழியும் வேணும்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் பிளானைத் திருப்பி என் பக்கம் வைத்தேன். எங்கள் காணி ஒடுக்கம், ஆனால் நீளம். கிணறு முன்பக்கம். பின்மூலையில், பெரியையாவின் வேலியோரமாக, ஓர் இடம் இருந்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டி நின்றது.

"இஞ்சை போட்டால்?"

ஓவசியர் குனிந்து பார்த்தார். "போடலாம். பி.எச்.ஐ. வந்து நிலத்திலை அளந்து பார்த்துக் கையெழுத்து வைச்சால் சங்கம் விடும்." பிறகு ஐயாவிடம், "பெடிச்சியைப் படிப்பிச்சது நல்லது, காணும்" என்றார்.

அவருடைய பென்சிலை வாங்கிப் பழைய வட்டத்தை வெட்டிவிட்டுப் புது வட்டத்தை நானே கீறினேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஐயா எதிர்ப்பட்ட ஆட்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு முன் அந்தக் கையெழுத்து. குசினிக் கூரையில் ஆகாயம் தெரியத் தொடங்கியிருந்தது.

பெரியையாவுக்குச் செய்தி ஒரு நாளுக்குள் போய்விட்டது. அவர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். தகப்பனும் தாயும் படுக்கையில் கிடந்தபோது பார்த்தவர் அவர். தம்பி கடைக்குப் போய்ச் சட்டையோடு வந்தான், தான் கோவணத்தோடு தோட்டத்தில் நின்றதுதான் மிச்சம் என்பது அவர் நெஞ்சில் கிடந்த முள். அதோடு குழியிலிருந்து அழுக்கு மண்ணுக்குள்ளால் ஊறிக் கிணற்றுக்கு வரும் என்று உண்மையாகவே நம்பினார். வேலிக்கு மேலால் கத்தினார்.

"டேய், என்ரை அப்பன் வெட்டின கிணத்திலை உன்ரை மகளின்ரை பீயையோ குடிக்கச் சொல்லுறாய்?"

"ஐம்பது அடி அண்ணை! சட்டத்திலை இருக்கு!"

"சட்டம் உன்ரை மகளின்ரை வாயிலை இருக்கு!"

பெரியையாவின் மூத்த மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் நின்று சிரித்தார். "சித்தப்பா, கக்கூசுக்கும் மூலைக்கல் வைச்சாச்சோ? நாள் பார்த்துத்தானே முதல் இருக்கிறது?"

அண்ணைக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடலில் டைனமைற் எறிந்து மீன் பிடிக்கிற ஆட்களோடு திரிவார். நான் விடுதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டு, நான் போகும் பாதையில் துப்புவார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வேலிக்கு மற்றப் பக்கம், நான் வட்டம் போட்ட இடத்துக்கு நேர் எதிரே, பெரியையாவும் அண்ணையும் கிடங்கு கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பெரியையா கிண்டிறியள்?"

"துரவு" என்றார் அவர், நிமிராமல். துரவு என்றால் கல் கட்டாத சின்னக் கிணறு. "உன்ரை சட்டத்திலை கிணத்துக்குக் கிட்ட குழி ஏலாதாம். இப்ப எனக்கு இஞ்சையும் ஒரு கிணறு. எங்கை குழி வெட்டுவாய், பாப்பம்."

மனதுக்குள் அளந்தேன். முன்னால் பழைய கிணறு, பின்னால் இந்தத் துரவு. எங்கள் ஒடுங்கிய காணியில் இரண்டுக்கும் எட்டாத ஓர் இடமும் மிஞ்சவில்லை. ஐந்தாம் வகுப்பும் தாண்டாதவர்கள் என் சட்டத்தையே எடுத்து என் தலையில் போட்டுவிட்டார்கள்.

ஐயாவிடம் சொன்னேன். அதுதான் பிழையாய்ப் போனது. அவர் வேலியைப் பிய்த்துக்கொண்டு போனார். பெரியையாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து எறிந்தார். குவித்திருந்த மண்ணைக் காலால் திரும்பவும் கிடங்குக்குள் தள்ளினார். அண்ணை பின்னாலிருந்து அவருடைய கழுத்தைப் பிடித்தார். ஐயா முழங்கையால் இடித்ததில் அண்ணையின் மூக்கு உடைந்தது. மகனின் முகத்தில் இரத்தத்தைக் கண்ட பெரியையா நிலத்தில் குத்தியிருந்த அலவாங்கை இழுத்தார்.

இரும்பு எலும்பில் படும் சத்தம் நான் நினைத்தது போல இருக்கவில்லை. தேங்காய் உடைக்கிற சத்தம் பெரிது. இது மெல்லிய, உலர்ந்த சத்தம். ஐயா முழங்காலில் உட்கார்ந்தார், எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர் போல. பிறகு சரிந்தார். அம்மா உலக்கையோடு வந்து பெரியையாவின் தோளில் போட்டார். பெரியம்மா அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணை எழும்பி அம்மாவை நோக்கி வந்தபோது என் கையில் கிணற்று வாளி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. கயிற்றோடு சுழற்றி அவருடைய முகத்தில் அடித்தேன். உடைந்த மூக்கிலேயே பட்டது. அவர் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினார். இன்னொரு தடவை வந்தாலும் அப்படித்தான் அடிப்பேன்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஐயாவின் மண்டையைத் தைத்தார்கள். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது ஐயா, "பனைமட்டை விழுந்தது" என்றார்.

"மட்டையோ? நேர்கோடாய் விழுந்திருக்கே" என்றார் பொலிஸ்காரர்.

"எங்கட ஊர் மட்டை அப்பிடித்தான்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஐயா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவ்வளவு இரத்தம் போன ஆளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ தெரியாது.

பி.எச்.ஐ. வந்த நாளில் ஐயா தலைக்கட்டோடு நின்றார். கிணற்றுக்கும் குழிக்குமான இந்த யுத்தத்தைக் கேள்விப்பட்டுத்தான் அவர் வந்திருந்தார். சைக்கிளைக் கூடப் படலைக்கு வெளியே, திரும்பி ஓட வசதியாக விட்டார். நாடாவைப் பிடித்து அளந்தார். பழைய கிணற்றிலிருந்து சரியாக இருந்தது. வேலிக்கு மேலால் துரவை எட்டிப் பார்த்தார். ஆளின் இடுப்பளவு ஆழம். அடியில் வெள்ளைக் கல்.

"இது என்ன?"

"கிணறு ஐயா" என்றார் பெரியையா. "குடிக்கிற கிணறு. பொதுக் கிணறு எனக்கு வேண்டாம், சண்டை. எனக்கெண்டு தனிய வெட்டிறன்."

"தண்ணியைக் காணேல்லையே."

"வரும்."

பி.எச்.ஐ. நெற்றியைத் துடைத்தார். "தண்ணி வந்தால் கிணறு. வராட்டி வெறும் கிடங்கு. நான் பிறகு வாறன். கிணறெண்டால் இவைக்கு அனுமதி இல்லை. கிடங்கெண்டால் அனுமதி."

நாடாவை அவர் சுருட்டும்போது அண்ணை வேலிக்கு மேலால் கத்தியை வீசி அதன் நுனியை வெட்டினார். பித்தளைக் கொளுவியோடு ஒரு துண்டு எங்கள் பக்கம் விழுந்தது. பி.எச்.ஐ. மிச்ச நாடாவோடு சைக்கிளில் ஏறிப் போனார். அண்ணையின் மூக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தது. அந்த மூக்கோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் தண்ணீரில் தங்கியிருந்தது. அவர்களுக்குத் தண்ணீர் வர வேண்டும், எங்களுக்கு வரக்கூடாது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். பெரியம்மாவும் அதே பிள்ளையாருக்கு நேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கல் கடினம். அலவாங்கு முனை மழுங்கியது. அப்போதுதான் அண்ணை கடற்காரரிடமிருந்து டைனமைற் கொண்டுவந்தார். மீனுக்குப் போடுகிற அதே குச்சி. கல்லில் துளை போட்டு, உள்ளே இறக்கி, திரியைக் கொளுத்திவிட்டு "வெடி! வெடி!" என்று கத்திக்கொண்டு ஓடினார். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் வெடியில் கற்கள் எங்கள் காணிக்குள் மழை மாதிரி விழுந்தன. ஒன்று குசினிக் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து பானையை உடைத்தது. ஒன்று முற்றத்தில் நின்ற ஆட்டின் முதுகில் விழுந்தது. ஆடு பின்கால்களை இழுத்துக்கொண்டு அத்திவாரத்தைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்தது. ஐயாதான் அதைப் பிடித்துக் கழுத்தை வெட்டினார். வெட்டிய கத்தியோடு வேலிக்குப் போனவரை அம்மா இடுப்பில் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

"விடு என்னை!"

"பிள்ளையின்ரை வீடு முடியட்டும். பிறகு போய் வெட்டுங்கோ."

இரண்டாவது வெடியில் புது அத்திவாரத்தில் ஒரு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்பில் என் சின்னவிரல் போகும். விரலை வைத்துப் பார்த்துவிட்டு நான் வேலியோரம் போய் நின்று, பெரியையாவைப் பார்த்து, அதுவரை என் வாயில் வராத சொற்கள் எல்லாவற்றையும் சொன்னேன். படித்த பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமோ என்று அயல் முழுக்கக் கூடி நின்று கேட்டது.

மூன்றாவது நாள் அண்ணை இரண்டு துளைகளில் குச்சி வைத்தார். ஒரு சத்தம்தான் கேட்டது. புகை அடங்கியதும் கிடங்குக்குள்ளிருந்து களகளவென்று ஓர் ஒலி வந்தது. பெரியையா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"வந்திட்டுது! தண்ணி வந்திட்டுது! டேய், இப்ப கட்டடா கக்கூஸ்!"

அண்ணை ஒரு கையில் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே குதித்தார். எங்களைப் பார்த்தபடி, எங்களுக்கு முன்னால் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டத்தான் குதித்தார். அப்போது இரண்டாவது குச்சி வெடித்தது.

பெரியையா நின்ற இடத்திலேயே நின்றார். பெரியம்மா ஊளையிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் அசைந்தார். தலையில் கட்டோடு ஐயா வேலியைத் தாண்டிப் புகைக்குள் இறங்கினார். உள்ளேயிருந்து, "கயிறு! கயித்தை எறி!" என்று கத்தினார். நான் கிணற்றுக் கயிற்றை அறுத்துக் கொண்டு ஓடினேன். அண்ணையை ஏற்றியபோது அவருடைய வலது கை மணிக்கட்டோடு இல்லை. இடது கையும் கிழிந்து விரல்கள் தொங்கின. முகம் முழுக்கக் கரியும் சுண்ணாம்புக் கல்லும். உயிர் இருந்தது. ஐயா தன் தலைக்கட்டை அவிழ்த்து அந்தக் கையில் சுற்றிக் கட்டினார். பெரியையா அப்போது பேசிய ஒரே பேச்சு, "தம்பி, அவனை மெதுவாய்த் தூக்கு" என்பது.

கார் பிடித்துப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் வீட்டில் நின்று கயிற்றிலிருந்த இரத்தத்தைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் என் வெடித்த உதட்டில் பட்டபோது எரிந்தது. அப்போது அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அம்மா தேத்தண்ணிக்குப் பால் விட்டார். பால் திரிந்தது. வேறு பால் விட்டார். அதுவும் திரிந்தது. ஐயா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். கிணற்றுக்குப் போய் அள்ளிக் குடித்துப் பார்த்தோம். உப்பு.

"கொட்டிப்போட்டாள்!" என்று அம்மா அலறினார். "உப்பைக் கொட்டிப்போட்டாள் பாவி!"

அதே நேரம் கிடுகுக்கு மற்றப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல். "என்ரை பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்க, கிணத்திலை உப்புக் கொட்டினியளேடி! நாசமாய்ப் போவியள்!"

இரண்டு பேரும் கிணற்றுக்கு மேலிருந்த கிடுகைப் பிய்த்து எறிந்தார்கள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் கிணற்றின் மேல் இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்தார்கள். பார்த்தவுடன் நகத்தால் கீறினார்கள். அம்மாவின் கன்னத்தில் மூன்று கோடு. பெரியம்மாவின் காதுத் தோடு கிணற்றுக்குள் போய்விட்டது. தோடு தோடு என்று கத்தியதில்தான் சண்டை நின்றது. உப்புத் தண்ணீருக்குள் தோட்டைத் தேடி இறங்க எவருக்கும் மனம் வரவில்லை.

ஒருவரும் உப்புக் கொட்டவில்லை. அதை விளங்கப்படுத்தியது திரும்பி வந்த பி.எச்.ஐ. துரவில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். பொதுக் கிணற்றில் அள்ளி வைத்தார், துப்பினார்.

"தீவிலை நல்ல தண்ணி மேலைதான் மிதக்கிறது. கீழை எல்லாம் கடல். நீங்கள் நடுவிலை இருந்த கல்லை உடைச்சுக் கடலை மேலை எடுத்துப் போட்டியள்."

பெரியையா துரவின் விளிம்பில் குந்தியிருந்தார். "கொஞ்சம் நாள் போனால் தெளியாதோ?"

"தெளியிற சாமானில்லை இது."

பிறகு புது நாடாவை எடுத்தார், அதை விரிக்காமலே திரும்பவும் பைக்குள் வைத்தார். "சட்டம் குடிதண்ணிக் கிணத்துக்குத்தான். இப்ப இஞ்சை குடிதண்ணிக் கிணறே இல்லை. பிள்ளை, நீர் விரும்பின இடத்திலை குழியை வெட்டும்."

பிளானை வாங்கித் தன் பேனையால், நான் வெட்டிய பழைய வட்டத்தைச் சுற்றித் திரும்பவும் ஒரு வட்டம் போட்டுக் கையெழுத்து வைத்தார். மழைக்கு முன் வேண்டுமென்று நாங்கள் காத்திருந்த கையெழுத்து அதுதான். நான் அதை வாங்கி ஐயாவிடம் கொடுத்தேன். ஐயா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

வீடு எழும்பியது. வெடித்த அத்திவாரத்தைச் சீமெந்து போட்டு இறுக்கினோம். முதல் மழை கூரை ஓட்டில் விழுந்தபோது மூன்று பேரும் உள்ளே இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ், பச்சை நிறக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். ஊற்றுவதற்குக் கிணற்று உப்புத் தண்ணீர் போதும். குடிக்க மட்டும், முன்பு நாங்கள் குடத்தோடு வந்தவர்களை எப்படிப் பார்த்தோமோ அப்படி எங்களைப் பார்க்கிற ஒரு வீட்டுக்கு, அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம் நடந்தோம். அம்மா முன்னால் போவார். பெரியம்மா இருபது முப்பது அடி பின்னால் வருவார்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு அடுத்த மாதம் ஒரு காலை, வேலிப் பொட்டால் அண்ணை வந்தார். பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து வருகிற ஓட்டை. ஐயா அன்றைக்குப் பிய்த்த இடம். ஒருவரும் அதை அடைக்கவில்லை. வலது கை மணிக்கட்டில் ஒரு துணி. இடது கையில் இரண்டு விரல்தான் மடங்கும். குந்தி எழும்ப, தண்ணீர் ஊற்ற, வடலிக் காட்டில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும் என்று அம்மா முன்பே கேள்விப்பட்டுச் சொல்லியிருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"டீச்சரம்மா. உங்கட அதுக்கு ஒருக்காப் போகலாமோ?"

துப்பின பாதை நினைவுக்கு வந்தது. ஆட்டின் பின்கால்கள் நினைவுக்கு வந்தன. "வாளியை நான் நிரப்பி வைச்சிருக்கிறன்" என்றேன். "தாழ்ப்பாள் கீழையும் ஒண்டு இருக்கு. காலாலை தள்ளலாம்."

அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அதே நேரம் பொட்டுக்குள்ளால் பெரியையா வந்தார், கையில் வேலிக் கதியால் தடி.

"எங்கை அவன்? வெளியாலை வாடா! இந்தக் கக்கூசாலைதானே உன்ரை கை போனது, அதுக்குள்ளையோ போய் இருக்கிறாய், மானங்கெட்டவனே!"

தடி ஓங்கியிருந்தது. குசினி வாசலில் ஐயா எழுந்து நின்றார். அவருடைய கை தானாகக் காதுக்கு மேலே போனதைக் கண்டேன். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் பலகை. அதற்கு உள்ளே அண்ணை.

"பெரியையா" என்றேன், "உள்ளுக்கை ஆள் இருக்கு. பொறுங்கோ."

தடி வந்தது. என் தோளில் பாதி, கதவில் பாதி. தோள் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. பச்சை நிறம் பெயர்ந்து உள்மரம் தெரிகிற அந்தத் தடம் கதவில் இன்னும் இருக்கிறது. இரண்டாவது அடிக்குத் தடியைத் தூக்கியவர், உள்ளேயிருந்து வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் நிறுத்தினார். ஒரு கையில்லாதவன் ஊற்றுகிற சத்தம், விட்டு விட்டு, நெடுநேரம் கேட்டது. பெரியையா அதைக் கேட்டுக்கொண்டு, தடியை இறக்காமல், முடியும்வரை நின்றார்.